கோஷிட்சே வட்டாரத்து ரோமா சமூக மையங்கள்: எது நன்றாக நடக்கிறது, எது நடக்கவில்லை

கிழக்கு ஸ்லோவாக்கியாவில், கோஷிட்சே நகரத்தைச் சுற்றி ரோமா (ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வாழும் சிறுபான்மை இனம்) குடும்பங்களுக்காக நடக்கும் சமூக மையங்களைப் பற்றித்தான் இந்த விமர்சனம். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து தங்கிய தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சனிக்கிழமை எங்காவது போய் உதவலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு, பணம் கொடுத்தால் அது போய்ச் சேருமா என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் சில காலமாக இந்த மையங்களில் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கப் போய்வருகிறேன், அதனால் உள்ளே நடப்பதை ஓரளவு பார்த்திருக்கிறேன். கல்வி, சுகாதாரம், வேலைப் பயிற்சி மூன்றும் வாசலில் ஒரே பலகையில் எழுதியிருக்கும். ஆனால் மூன்றும் ஒரே தரத்தில் இல்லை. சுகாதாரம் அருமை, படிப்பு பாதிக் கிணறு, வேலைப் பயிற்சி பல இடங்களில் பேருக்குத்தான். அப்புறம், பலகையிலேயே எழுதாத ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஸ்லோவாக்கியாவின் மக்கள்தொகை சுமார் 54 லட்சம். அதில் ரோமா மக்கள் நான்கு லட்சத்துக்கு மேல், 2019ல் அரசே எடுத்த ரோமா குடியிருப்புகளின் கணக்கு ஏறத்தாழ 4,17,000 என்கிறது. ஆனால் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் முதல் இனமாக ரோமா என்று எழுதியவர்கள் சுமார் 67,000 பேர்தான். சொன்னால் என்ன வருமோ என்ற பயம் எவ்வளவு இருந்தால் இந்த வித்தியாசம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இருப்பது கிழக்கிலும் தெற்கிலும். கிராமம் ஒரு பக்கம், ஓடையோ ரயில் பாதையோ தாண்டி ரோமா குடியிருப்பு இன்னொரு பக்கம், நடுவில் தார் போடாத வழி. நகரத்துக்குள் என்றால் கோஷிட்சேயின் லூனிக் 9, பலமாடிக் குடியிருப்புகள். 2021 செப்டம்பர் 14 அன்று போப் பிரான்சிஸ் வந்து போனாரே, அந்த இடம்தான். அங்கே போகவே பயப்படும் கோஷிட்சேக்காரர்களை எனக்குத் தெரியும், நான் போகும்போது யாரும் என்னை ஒன்றும் செய்ததில்லை, டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சமூக மையம் என்பது இங்கே யாரோ மனமிரங்கி நடத்தும் ஒன்று மட்டும் இல்லை, சட்டத்தில் இருக்கும் சேவை. 448/2008 என்ற சமூக சேவைச் சட்டத்தில் 2014லிருந்து இதற்குத் தனி இடம் இருக்கிறது. ஆலோசனை சொல்வது, உரிமைகளைக் கேட்டு வாங்க உதவுவது, பள்ளிப் பாடத்துக்குத் தயார் செய்வது, குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுத் திரும்ப அழைத்து வருவது வரை அதில் எழுதியிருக்கிறார்கள். சில மையங்களை ஊராட்சியே நடத்துகிறது. சிலவற்றை ஈடிபி ஸ்லோவென்ஸ்கோ போன்ற தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. வெல்கா இடா, மோல்டவா நாட் போட்வோவ், ரான்கோவ்ட்சே, லூனிக் 9 என்று இந்த நிறுவனம் வேலை செய்த ஊர்களின் பட்டியல் நீளம். லூனிக் 9ல் சலேசியன் பாதிரியார்களும் பல வருடங்களாகத் தங்கி வேலை செய்கிறார்கள்.

இப்போது அந்தப் பலகையில் எழுதாத விஷயம். நான் பார்த்ததிலேயே நன்றாக நடக்கும் மையத்தில் காலை எட்டு மணிக்கு வரிசை நிற்கிறது. கணினி வகுப்புக்கு இல்லை, ஷவருக்கும் வாஷிங் மெஷினுக்கும். குடியிருப்பில் பாதி வீடுகளுக்குக் குழாய் கிடையாது, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுக் குழாய், குளிர்காலத்தில் அதுவும் உறைந்துபோகும். அந்த நிலையில் ஒரு தாய் மூன்று பிள்ளைகளின் துணியைத் துவைத்து, காயவைத்து, காலையில் சுத்தமாக அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வகுப்பில் பக்கத்தில் உட்கார மறுப்பார்கள், ஆசிரியர் கடைசி பெஞ்சுக்கு மாற்றுவார், பிள்ளை நாலு நாளில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழும். இந்தச் சங்கிலி அறுபடும் இடம் அந்த வாஷிங் மெஷின்தான். அங்கே ஒரு தடவை துவைக்கச் சில்லறைக் காசு வாங்குகிறார்கள், நோட்டில் பெயர் எழுதி முறை வைத்துக் கொடுக்கிறார்கள், துணி சுழலும் நேரத்தில் அம்மாக்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் சமூகப் பணியாளர் வந்து பேசுவார். தடுப்பூசிக் கடிதம் வந்ததா, மின்கட்டணத்துக்கு நோட்டீஸ் வந்ததா, பெரியவள் ஏன் வரவில்லை என்று கேட்பார். ‘ஆலோசனை நேரம்: 10 முதல் 12 வரை’ என்று எழுதி ஒட்டிவிட்டு மேசைக்குப் பின்னால் காத்திருக்கும் மையங்களையும் பார்த்தேன், அங்கே ஒருவரும் வருவதில்லை. துணி துவைக்க வருகிறவர்கள்தான் எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். எனவே ஒரு மையத்தை மதிப்பிட வேண்டுமென்றால் முதலில் அதன் குளியலறையைப் போய்ப் பாருங்கள், வெந்நீர் வருகிறதா என்று திருகிப் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுகாதாரத்துக்கு வருகிறேன். முழு மதிப்பெண் கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லப் பழைய கதை ஒன்று வேண்டும். 2000ல் பிரெஷோவ் நகரத்து மருத்துவமனையில் ஒரு ரோமா பெண், பிரசவ வலியில் இருக்கும்போது கையெழுத்து வாங்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டார். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குப் புரியவே இல்லை. ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011ல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் ஒருவர் மட்டும் இல்லை, கம்யூனிச ஆட்சிக் காலத்திலிருந்தே நடந்த விஷயம் இது. ஸ்லோவாக்கிய அரசு மன்னிப்புக் கேட்டது 2021 நவம்பரில். இந்த வரலாறு இருக்கும் இடத்தில் ‘ஏன் இந்தப் பெண்கள் டாக்டரிடம் போகப் பயப்படுகிறார்கள்’ என்று கேட்கவே கூடாது. பாட்டிக்கு நடந்தது பேத்திக்குத் தெரியும்.

இந்த நிலையில் வேலை செய்கிறவர்கள் சுகாதாரத் தொடர்பாளர்கள். சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஸ்த்ராவே ரெகியோனி என்ற அமைப்பு இவர்களை நியமிக்கிறது, நாடு முழுக்க இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் அதே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள், ரோமானி மொழி பேசுகிறவர்கள். மையம் இருக்கும் ஊரில் இவர்கள் அங்கே ஒரு மேசை போட்டுக்கொள்கிறார்கள், இல்லாத ஊரில் வீடு வீடாகப் போகிறார்கள். நான் கவனித்த ஒருவர் ஐம்பதை நெருங்கும் பெண். கர்ப்பிணி ஒருத்தியைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்கிறார், டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போகிறார், கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் அவளுக்கு அவள் மொழியில் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவசரப்படுத்தினால் ‘அவளுக்குப் புரியட்டும் டாக்டர், கொஞ்சம் இருங்கள்’ என்பார், குரலை உயர்த்தாமல். 2000ல் அந்த அறையில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா வந்தபோது க்ரோம்பாகி, பிஸ்த்ரானி, ழெஹ்ரா பக்கம் ஐந்து ரோமா குடியிருப்புகளைப் போலீஸையும் ராணுவத்தையும் நிறுத்தி மூடினார்கள், உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் வெளியே நடப்பதை உள்ளே சொல்லவும் உள்ளே இருக்கிற தேவையை வெளியே சொல்லவும் நம்பக்கூடிய ஆள் என்றால் இவர்கள்தான். சம்பளம் குறைவு, வேலை நேரம் முடிந்த பிறகும் ஊர்க்காரர்கள் வந்து இவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரராயிற்றே, எப்படி இல்லை என்று சொல்வது?

படிப்பு விஷயத்தில் எனக்குக் கலவையான எண்ணம். நல்லதை முதலில் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கான வேலை பிரமாதம். ட்செஸ்தா வொன் என்ற அமைப்பு 2018லிருந்து ஓமாமா என்று ஒரு திட்டம் நடத்துகிறது, குடியிருப்பிலேயே இருக்கும் ரோமா பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, பிறந்ததிலிருந்து சில வயது வரையான குழந்தைகளின் வீடுகளுக்கு வாராவாரம் அனுப்புகிறார்கள். அவர் ஒரு பை நிறையப் பொம்மையும் படப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போய், தாயோடு சேர்ந்து குழந்தையோடு விளையாடிவிட்டு வருவார். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஆறு வயதில் முதல்முறையாகப் பென்சிலைப் பிடித்து, தெரியாத ஸ்லோவாக் மொழியில் கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லவில்லை என்பதற்காக மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ரோமா குழந்தைகள் இந்த நாட்டில் ஏராளம். இதற்காகத்தான் ஐரோப்பிய ஆணையம் 2015ல் ஸ்லோவாக்கியா மேல் நடவடிக்கை ஆரம்பித்து, 2023 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. 2021 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாலர் பள்ளி கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது, நல்ல சட்டம், ஆனால் பல ஊர்களில் பாலர் பள்ளியில் இடம் இல்லை. அந்த இடைவெளியை மையங்கள் தங்களால் முடிந்த அளவு நிரப்புகின்றன.

சரி, குறை என்ன? மாலையில் நடக்கும் வீட்டுப்பாட வகுப்பு. நானே அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் தெரிந்து சொல்கிறேன். பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள், சூடான அறை, மேசை, பென்சில், யாராவது ஒருவர் கவனித்துக் கேட்பது, இது எதுவும் வீட்டில் கிடைக்காது. எட்டாவது படிக்கும் ஒரு பையன் பின்னக் கணக்கு புரிந்த அன்று விடாமல் பத்துக் கணக்குப் போட்டான். ஆனால் அவன் படிக்கும் பள்ளியில் ரோமா பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்தப் பள்ளியில் எட்டாவது வகுப்பில் இருக்கும் பாடத்தை நகரத்துப் பள்ளியில் ஆறாவதில் முடித்துவிடுகிறார்கள். ஷாரிஷ்ஸ்கே மிஹால்யானி என்ற ஊரில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் வேறு மாடியில் வைத்திருந்தார்கள், கோஷிட்சேயில் இருக்கும் பொராட்னியா என்ற மனித உரிமை அமைப்பு வழக்குப் போட்டது, அது சட்டவிரோதம் என்று 2012ல் பிரெஷோவ் மாகாண நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் தனி வகுப்பும் தனிப் பள்ளியும் போகவில்லை. மையத்தில் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் காலை அவன் அந்தப் பள்ளிக்குத்தான் போகிறான். இதை மையத்தின் குறை என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் சில ஊர்களில் இந்த மாலை வகுப்பையே காரணமாகக் காட்டி, ‘அவர்களுக்குத்தான் மையம் இருக்கிறதே’ என்று பாலர் பள்ளியிலும் விளையாட்டுக் குழுவிலும் சேர்க்காமல் விடுகிறார்கள், அது எனக்குக் கோபம் வருகிற விஷயம். நல்ல மையம் பிள்ளையைக் கையைப் பிடித்து ஊருக்குள் கூட்டிக்கொண்டு போகும். கிராமத்து நூலகத்துக்கும், மற்றப் பிள்ளைகள் விளையாடும் மைதானத்துக்கும். எல்லாவற்றையும் குடியிருப்புக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்து, வெளியே வர அவசியமில்லாமல் செய்கிற மையத்துக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன், உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வேலைப் பயிற்சிதான் மோசம். கணினி அடிப்படை, வேலை விண்ணப்பம் எழுதுவது, நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று வகுப்பு நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள். ஒரே ஆள் நான்கைந்து சான்றிதழ் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் ஃபோனில் பேசியபோது வாருங்கள் என்ற நிறுவனத்தார், அவர் நேரில் போய் முகவரியைச் சொன்னதும் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். கூடப் போன சமூகப் பணியாளர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு எந்த வகுப்பு மருந்து? ஊராட்சி கொடுக்கும் தெருப் பெருக்கும் வேலை இருக்கிறது, ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு சில மணி நேரம். உதவித்தொகையோடு கொஞ்சம் பணம் சேரும், ஆனால் அங்கிருந்து நிரந்தர வேலைக்குப் போனவரை நான் சந்தித்ததில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு முட்டுக்கட்டை கடன். குடியிருப்புகளில் கந்துவட்டி உண்டு, அதற்கு வெளியே சட்டப்படி நடக்கும் கடன் கம்பெனிகளும் உண்டு. மின்சாரம், வாடகை, பேருந்தில் டிக்கெட் இல்லாமல் போனதற்கு அபராதம் என்று சின்னத் தொகைகள் வட்டியும் வசூல் செலவும் ஏறி ஆயிரக்கணக்கான யூரோவாகி ஜப்திக்கு வந்துவிடும். அப்புறம் முறையான வேலைக்குப் போனால் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியே பிடித்து அனுப்பிவிடுவார். கையில் வருவது உதவித்தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம், பேருந்துச் செலவு போனால் அதுவும் இல்லை. எனவே கையில் ரொக்கமாகக் கொடுக்கும், பதிவில்லாத கட்டட வேலைக்குப் போகிறார்கள். இவர்களைச் சோம்பேறி என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதை முறிக்க ஒரு வழி 2017 மார்ச்சிலிருந்து எளிதாகியிருக்கிறது, தனிநபர் திவால் மனு. அரசின் சட்ட உதவி மையம் வழியாகப் போடலாம், தேவைப்படும் 500 யூரோவையும் அவர்களே முன்பணமாகக் கொடுத்துத் தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள். கடன் பட்டியலைத் திரட்டி, எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்று தேடி, மனுவை நிரப்பி, கூடவே போகிற சமூகப் பணியாளர் இருக்கும் மையத்தில் மட்டும்தான் வேலைப் பயிற்சிக்கு அர்த்தம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு மையத்தில் வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், அன்று கூட்டம் வாசல் வரை. ஃபோர்க்லிஃப்ட் உரிமம், வெல்டிங் சான்று போல நேராக வேலைக்குப் போகும் பயிற்சியை அதற்கு அப்புறம் கொடுத்தால் பலிக்கும். வெல்கா இடாவுக்குப் பக்கத்திலேயே பெரிய எஃகு ஆலை இருக்கிறது, வலாலிகியில் வோல்வோ கார் ஆலை கட்டப்போவதாக 2022ல் அறிவித்தார்கள். வேலை தூரத்தில் இல்லை.

நான் கேள்விப்பட்டதிலேயே ஒழுங்கான வேலைப் பயிற்சி ரான்கோவ்ட்சேயில் நடந்தது, அதற்குப் பயிற்சி என்று பெயர் கூட இல்லை. ஈடிபி ஸ்லோவென்ஸ்கோ அங்கே குடும்பங்களை மாதாமாதம் சேமிக்க வைத்து, சிறுகடன் கொடுத்து, பட்டா சரியாக உள்ள நிலத்தில் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ள வைத்தது. கொத்தனார் மேற்பார்வை பார்க்க, கட்டியது அந்தக் குடும்பத்து ஆட்கள். வீடும் கிடைக்கிறது, கை வேலையும் படிகிறது, சட்டப்படியான முகவரியும் கிடைக்கிறது.

இனி எல்லா மையங்களுக்கும் பொதுவான பெரிய குறை. பணம் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றிய நிதியிலிருந்து திட்டம் திட்டமாக வருகிறது. 2014 முதல் 2020 வரையிலான நிதிக் காலத்தின் பணத்தை 2023 இறுதிக்குள் செலவழித்து முடிக்க வேண்டும் என்பது விதி. அடுத்த காலத்துப் பணம் மறுநாளே வந்துவிடாது. இந்த இடைவெளியில் ஊராட்சித் தலைவருக்கு மனசு இருந்தால் சொந்தப் பணத்தில் சம்பளம் போடுவார், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று கடிதம் கொடுப்பார். நான் போய்க்கொண்டிருந்த ஒரு மையம் இப்படித்தான் மூடியது, பெயர் வேண்டாம். வாஷிங் மெஷின், கணினி, பெயின்ட் மங்காத சுவர் எல்லாம் உள்ளேயே இருந்தன, பூட்டு வெளியே. அங்கே இருந்த ரோமா பெண் பணியாளர், எந்த வீட்டில் யாருக்கு மருந்து தீர்ந்துபோகும் என்று மனப்பாடமாக வைத்திருந்தவர், வீட்டுச் செலவுக்கு வழியில்லாமல் இங்கிலாந்தில் இறைச்சி பேக் செய்யும் வேலைக்குப் போய்விட்டார். மாதங்கள் கழித்துப் பணம் வந்து மையம் திறந்தது, புது ஆள் வந்தார், நல்லவர், படித்தவர், ஆனால் அவரை யாருக்கும் தெரியாது. முதல் வாரங்களில் துணி துவைக்கக்கூட ஆள் வரவில்லை. கட்டடத்துக்கு எளிதாகப் பணம் கொடுக்கிறவர்கள் ஆளுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள், கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம், சம்பளப் பட்டியலில் மாட்ட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் ஃபோன் செய்து ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டுப் போங்கள், திடீரென்று போய் நிற்க வேண்டாம். கொஞ்சம் ஸ்லோவாக் தெரிந்தால் போதும், கணக்குக்கு அதுவே தாராளம். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், கேட்டாலும் எடுக்காதீர்கள், ஏற்கெனவே எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மாதம் வந்துவிட்டுக் காணாமல் போவதாக இருந்தால் போகாமலே இருப்பது நல்லது. வாரம் ஒரு மணி நேரம் என்றாலும் வருடம் முழுக்கப் போக முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டிப் பழைய துணி கொண்டுபோகாதீர்கள், வைக்க இடமில்லை, பிரித்துப் பார்க்க ஆளில்லை. சலவைத் தூள், குளிர்கால ஷூ வாங்கப் பணம், பேருந்து டிக்கெட்டுக்குப் பணம் என்று என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.

பணம் கொடுக்கக் கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு, இங்கே சம்பளம் வாங்கும் நம்மவர்கள் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. நாம் கட்டிய வருமான வரியில் 2 சதவீதத்தை நாம் சொல்லும் பதிவு பெற்ற அமைப்புக்கு மாற்றச் சொல்லலாம், வருடத்தில் 40 மணி நேரம் தன்னார்வ வேலை செய்ததற்குச் சான்று இருந்தால் 3 சதவீதம். ஊராட்சி நடத்தும் மையத்துக்கு இது போகாது, தொண்டு நிறுவனம் என்றால் போகும். அலுவலகத்தில் வருடாந்தர வரிக்கணக்கு முடித்துக் கொடுப்பவர்களிடம் வரி கட்டியதற்கான சான்றைக் கேட்டு வாங்கி, படிவத்தோடு சேர்த்து ஏப்ரல் 30க்குள் வரி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.